ஜூலியஸ் ஆக்ஸல்ராட்

பெருஞ்செல்வம் இல்லாதார்க்குக் கல்வியே கைகொடுக்கும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. ஆயினும், அக்கல்வியின் வாயிலே ஒருவனுக்கு அடைக்கப்படுமாயின் அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர், அமெரிக்க தேசத்து விஞ்ஞானி ஜூலியஸ் ஆக்ஸல்ராட் என்பார். அவருடைய சரித்திரத்தை நம் அங்கத்தினரும் அவர்தம் மக்களும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

இவர் 1912-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி நியூயார்க் நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிற் பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவின் கலீசியாப் பிரதேசத்தினின்று குடியேறிய யூதர். தந்தையார் கூடை முடைந்து விற்று ஜீவனம் செய்தவர். சம்பளம் வாங்காத சிட்டி காலேஜில் பயின்று, 1933-இல் ஆக்ஸல்ராட் பட்டம் பெற்றார். வைத்தியராக வேண்டுமென்பதே அவரது அவா. வைத்தியக் கலாசாலைகள் பலவற்றிற்கு விண்ணப்பம் செய்தும் ஒன்றிலேனும் இடம் கிட்டவில்லை. யூத மாணவர்க்கு இத்துணை இடமே என்று அக்காலத்துக் கலாசாலைகள் பலவும் வரையறுத்திருந்தன.

மனமுடைந்து வாளாவிருக்க அவரது வறுமை இடந்தரவில்லை. மாதம் 25 டாலர் ஊதியத்தில் ஓர் ஆராய்ச்சிசாலையில் உதவியாளராக அமர்ந்தார். 1935 முதல், உணவுப் பொருள்களிற் சேர்க்கப்படும் வைட்டமின்களைப் பரிசோதிக்கும் வேலையைப் பார்த்தார். அங்கே அம்மோனியாப் புட்டி ஒன்று வெடித்தமையால் இடக்கண்ணை இழந்தார். பகலில் வேலையும் இரவில் படிப்புமாக உழைத்து, 1941-இல் மேற்பட்டம் பெற்றார். பல்லாண்டு செய்த அப்பரிசோதனை வேலை, மிக நுண்ணிய அளவுப் பொருளையும் பிழையின்றி அளந்தறியும் திறத்தை அவர் கைக்கு அளித்தது.

1946-இல் பெர்னார்ட் பிராடி என்னும் அறிஞருடன் சேர்ந்து, அக்காலத்துத் தலைவலி மருந்தொன்று உடம்பினுள் எவ்வாறு மாறுகின்றது என ஆராய்ந்தார். இரத்தத்தைக் கெடுக்கும் பொருள் ஒன்றும், அக்கேடின்றி வலியைத் தணிக்கும் பொருள் ஒன்றும் அதினின்று உண்டாதலைக் கண்டனர். பின்னதே இன்று நம் இல்லந்தோறும் வழங்கும் பாரசிட்டமால். இத்துணை செய்த பின்னரும் டாக்டர் பட்டம் இன்மையால் அவருக்கு உயர்பதவி எட்டாதிருந்தது. அப்பட்டத்தை அவர் பெற்றது, நாற்பது பிராயம் கடந்தபின், 1955-இல்.

இனி, அவரது பீனியல் சுரப்பி ஆராய்ச்சியைக் கூறுவோம். மூளையின் நடுவே நெல்மணி போன்று அமைந்த இச்சிற்றுறுப்பை ஆன்மாவின் இருப்பிடம் என்று 17-ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் என்னும் தத்துவஞானி கொண்டார். 1958-இல் யேல் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆரன் லெர்னர், மாடுகளின் பீனியல் சுரப்பிகளினின்று மெலடோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். தவளையின் தோலை வெளுக்கச் செய்யும் அப்பொருள் இச்சுரப்பியில் எவ்வாறு உண்டாகின்றது என்னும் வினா ஆக்ஸல்ராட்டை ஈர்த்தது. அதனை ஆக்கிமுடிக்கும் நொதியை அவரும் ஹெர்பர்ட் வைஸ்பாக்கும் 1960-இல் கண்டறிந்தனர்.

பின்னர் ரிச்சர்ட் வர்ட்மனுடன் கூடி எலிகளில் சோதனை செய்தார். இடைவிடாத வெளிச்சத்தில் வைத்த எலிகளுக்கு அந்நொதி குன்றியது. இருளில் வைத்தவற்றுக்கு மிகுந்தது. கழுத்திலிருந்து சுரப்பிக்குச் செல்லும் நரம்பின் தொடர்பை அறுத்தபோதோ அவ்வேறுபாடு ஒழிந்தது. கண் கண்ட ஒளியின் செய்தி மூளை வழியே கழுத்து நரம்பை அடைந்து, அங்கிருந்து சுரப்பியைச் சேர்கின்றது என்பது இதனால் புலனாயிற்று. இரவில் அந்நரம்பு நார்அட்ரினலின் என்னும் பொருளைச் சொரிய, சுரப்பி மெலடோனினை ஆக்குகின்றது. ஆன்மாவின் ஆசனம் எனப்பட்ட உறுப்பு, உடம்புக்கு இரவு வந்ததை அறிவிக்கும் கடிகாரச் சேவகனாக விளங்கியது.

நரம்புகள் தாம் சொரிந்த அந்நார்அட்ரினலினை மீண்டும் தாமே உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் அவர் கண்டறிந்திருந்தார். மனநோய்க்குரிய மருந்துகள் சில செயற்படும் வகை இதனால் விளங்கிற்று. இதன் பொருட்டு 1970-இல் பெர்னார்ட் காட்ஸ், உல்ஃப் ஃபான் ஆய்லர் இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அப்பரிசு வைத்தியத் துறைக்குரியது! 1984-இல் ஓய்வுபெற்றும் ஆராய்ச்சிசாலையை விடாதவர், 2004-ஆம் வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி, 92-ஆம் பிராயத்தில் உலக வாழ்வை நீத்தார்.

வாயில் அடைக்கப்பட்டது நன்றே என்று எவரும் கூறற்க. ஆக்ஸல்ராட்டைப் போன்று திரும்பிய இளைஞர் எத்துணைப் பேர் பெயரின்றி மறைந்தனரோ, யார் அறிவார்? பிறப்பு நோக்கி வாயிலை அடைத்தவர்களே பழிக்குரியவர். எனினும், விரும்பிய இடம் கிட்டாத மகனையோ மகளையோ பெற்றோர் கடிந்து சோர்வடையச் செய்தலாகாது. கிடைத்த சிறுவேலையைப் பழுதறக் கற்கும்படி ஊக்குதலே அவர்தம் கடன். கூடை முடைந்தவர் மகன் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே கற்ற கைத்திறமே, பின்னாளில் இருளும் ஒளியும் நம் உடம்பை ஆளும் வகையை உலகுக்கு உணர்த்தியது.