ஒரே பிற்பகலில் முடிந்த கடற்படைப் பணி: கமாண்டர் நானாவதியின் கதை

புதுதில்லி: சுதந்திர இந்தியாவின் கடற்படை வரலாற்றில், நாடு முழுவதும் அறியப்பட்ட அதிகாரி ஒருவர் உண்டு. அவர் கமாண்டர் கவாஸ் மானெக்ஷா நானாவதி. 1959-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதி பிற்பகலில் அவர் செய்த ஒரு செயல், பதினைந்து நாள் கழித்து மறக்கப்பட்டிருக்க வேண்டிய குற்றச் செய்தியாக முடியவில்லை. பிரதமர், மாநில ஆளுநர், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய நால்வரையும் எதிரெதிரே நிறுத்திய அரசியல் சாசனப் பிரச்னையாக அது வளர்ந்தது.

பார்சி வகுப்பைச் சேர்ந்த நானாவதி 1925-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1949-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுக நகரில், பதிவு அலுவலகத்தில், ஆங்கிலேயப் பெண் ஒருவரை மணந்தார். இரு மகன்கள், ஒரு மகள். பணியின் காரணமாகப் பல ஊர்களில் வசித்த குடும்பம் இறுதியில் பம்பாயில் குடியேறியது.

1959-ல் அவர் வகித்த பதவி சாதாரணமானதல்ல. ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலில் கேப்டனுக்கு அடுத்த இரண்டாம் நிலை அதிகாரியாக அவர் இருந்தார். 'நைஜீரியா' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் இரண்டாம் உலகப் போரைக் கண்ட அந்தக் குரூசர் கப்பலை இந்தியா விலைக்கு வாங்கி, 1957 ஆகஸ்டில் தனது படையில் சேர்த்துக் கொண்டது. நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்கச் சுரங்கங்கள் அடங்கிய அன்றைய மைசூர் மாநிலத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அப்படிப்பட்ட கப்பலில் முப்பத்து நான்கு வயதுக்குள் இரண்டாமிடத்தை எட்டியவருக்கு முன்னால் நீண்ட பாதை காத்திருந்தது என்பதில் ஐயமில்லை.

கப்பல் அதிகாரியின் இல்லற வாழ்வில் பிரிவு என்பது தவிர்க்க முடியாதது. மாதக்கணக்கில் கடலில் இருந்த நானாவதியின் குடும்பத்துக்கு 1956-ல் நண்பர்கள் மூலம் அறிமுகமானவர் பிரேம் அஹுஜா. மோட்டார் வாகன வணிகம் செய்து வந்த சிந்தி இளைஞர். மணமாகாதவர். சகோதரியுடன் வசித்தவர். நானாவதி கடலில் இருந்த காலங்களில் அஹுஜாவுக்கும் அவருடைய மனைவிக்கும் இடையே நட்பு வளர்ந்து, தகாத உறவாக முடிந்தது.

மூன்று மணி நேரம்

ஏப்ரல் 27 அன்று வீட்டில் இருந்த நானாவதியிடம் மனைவி உண்மையை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நடந்தவைதான் பின்னாளில் நீதிமன்றங்களில் நிமிடம் நிமிடமாக அலசப்பட்டன.

பிற்பகல் 1.30 மணியளவில் நானாவதி வீட்டை விட்டுக் கிளம்பினார். மனைவியையும் இரு குழந்தைகளையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காரில் ஏற்றிச் சென்று ஒரு திரையரங்கில் இறக்கி விட்டார். படம் முடிந்ததும் மாலை 6 மணிக்கு வந்து அழைத்துச் செல்வதாகக் கூறினார். அங்கிருந்து நேராகத் தமது கப்பலுக்குச் சென்றார். இரவில் அகமத் நகருக்குத் தனியே கார் ஓட்டிச் செல்ல வேண்டியிருப்பதாகக் காரணம் கூறி, கப்பலின் ஆயுதக் கிடங்கிலிருந்து ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் பெற்றுக் கொண்டார். பின்னர் அஹுஜாவின் அலுவலகத்துக்குப் போனார். அவர் அங்கில்லை என்றதும் அவருடைய குடியிருப்புக்குச் சென்று, படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். குளித்து முடித்து இடுப்பில் துண்டுடன் நின்றிருந்த அஹுஜா சில நொடிகளில் குண்டடிபட்டு விழுந்தார். அப்போது மணி 4.20.

நானாவதி தப்பி ஓடவில்லை. காவல் துணை ஆணையர் ஜான் லோபோ முன்னிலையில் சரணடைந்தார்.

கொலை ஒருபுறமிருக்க, கடற்படை அதிகாரி என்ற முறையில் அவர் அதற்கு முன்பே ஒரு தவறைச் செய்துவிட்டார். பொய்க் காரணம் கூறிக் கப்பலின் ஆயுதத்தைப் பெற்றதே அது. கப்பலில் கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருப்பவர் கேட்டால் ஆயுதக் கிடங்கில் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். பதவியின் மீதுள்ள அந்த நம்பிக்கைதான் அன்று பயன்படுத்தப்பட்டது. ஆயினும் பொதுமக்களின் அனுதாப அலையில் இது பற்றி அதிகம் பேசப்படவில்லை. வழக்கும் கடற்படை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இந்திய மண்ணில், அமைதிக் காலத்தில், படையினர் அல்லாத ஒருவரைக் கொலை செய்தால் அதைச் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம்.

எட்டுக்கு ஒன்று

பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.பி. மேத்தா முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட ஜூரியுடன் விசாரணை நடந்தது. மனைவியை மணந்து குழந்தைகளையும் ஏற்றுக் கொள்வாயா என்று கேட்கவே சென்றதாகவும், இழிவான பதில் கிடைத்ததாகவும், ரிவால்வருக்காக நடந்த கைகலப்பில் தற்செயலாகக் குண்டு பாய்ந்ததாகவும் நானாவதி தரப்பு வாதிட்டது. பிரபல வழக்கறிஞர் கார்ல் கண்டலாவாலா அவருக்காக ஆஜரானார். கைகலப்பு நடந்திருந்தால் இடுப்புத் துண்டு அவிழாமல் இருந்தது எப்படி என்ற அரசுத் தரப்பின் கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே வேறொரு விசாரணை நடந்து கொண்டிருந்தது. ஆர்.கே. கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' வார இதழ் நானாவதியை ஒழுக்கம் தவறாத கணவராகவும் நாட்டைக் காக்கும் வீரராகவும், அஹுஜாவைப் பணக்காரக் காமுகராகவும் வாரந்தோறும் சித்திரித்தது. இருபத்தைந்து காசு இதழ் இரண்டு ரூபாய்க்கு விற்றதாகக் கூறுவர். வெள்ளைச் சீருடையில் பதக்கங்களுடன் நீதிமன்றம் வந்த அதிகாரியைக் காண வீதிகளில் கூட்டம் திரண்டது. இறந்தவருக்காகப் பேச அவருடைய சகோதரியும் சிந்தி சமூகத்தினர் சிலரும் மட்டுமே இருந்தனர். அவர்களுக்கு உதவியாக வழக்கைக் கவனித்த இளம் வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி, பின்னாளில் நாடறிந்த சட்ட மேதையானார்.

1959 அக்டோபரில் ஜூரி தனது முடிவை அறிவித்தது. எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நானாவதி குற்றவாளி அல்ல. அறிவுள்ள எவரும் சாட்சியங்களிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியாது என்று கருதிய நீதிபதி மேத்தா அதை ஏற்க மறுத்தார். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-வது பிரிவின்கீழ் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பி வைத்தார்.

இந்தியாவில் ஜூரி முறை ஒழிய நானாவதி வழக்கே காரணம் என்று திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது. இது முழு உண்மையல்ல. எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன், கொலை நடப்பதற்கு முந்தைய ஆண்டான 1958-லேயே, ஜூரி முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்துவிட்டது. இந்த வழக்குக்குப் பின்னரும் சில இடங்களில் அம்முறை தொடர்ந்தது. 1973-ம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த மரத்தின் மீது விழுந்த கோடரி வெட்டு என்று வேண்டுமானால் நானாவதி வழக்கைக் கூறலாம்.

ஆளுநரின் உத்தரவு

1960 மார்ச் 11-ம் தேதி பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஷேலத், நாயக் ஆகியோர் ஜூரியின் முடிவைத் தள்ளினர். இந்திய தண்டனைச் சட்டம் 302-வது பிரிவின்கீழ் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தனர். அரசுத் தரப்பில் அங்கு வாதாடியவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவிருந்த ஒய்.வி. சந்திரசூட்.

தீர்ப்பு வெளியான அதே நாளில் எவரும் எதிர்பாராத உத்தரவு ஒன்று வந்தது. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்தி வைப்பதாகவும், அதுவரை நானாவதி ஐ.என்.எஸ். குஞ்ஞாலியில் உள்ள கடற்படைக் காவலில் இருப்பார் என்றும் பம்பாய் ஆளுநர் அறிவித்தார். கைதிக்காக உயர் நீதிமன்றம் பிறப்பித்த வாரண்ட், நிறைவேற்றப்படாமலேயே திரும்பி வந்தது.

அந்த ஆளுநர் ஸ்ரீபிரகாசா. தமிழக வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1952-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படாத ராஜாஜியை ஆட்சி அமைக்க அழைத்துச் சர்ச்சைக்குள்ளானவர் அவரே. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் மீண்டும் ஒரு சாசனச் சிக்கலின் நடுவில் அவர் நின்றார்.

ஆனால் உத்தரவின் வேர் தில்லியில் இருந்தது. கடற்படையின் வேண்டுகோளின் பேரில் தாமே இந்த ஆலோசனையை வழங்கியதாகப் பிரதமர் நேரு ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். கடற்படையின் தலைமைத் தளபதி, செங்கல்பட்டில் பிறந்தவரும் அப்பதவியை வகித்த முதல் இந்தியருமான ஆர்.டி. கட்டாரி. தம் அதிகாரி ஒருவரைச் சாதாரணச் சிறைக்கு அனுப்ப நேரும் அவமானத்தைப் படை விரும்பவில்லை என்பது புரிந்து கொள்ளக் கூடியதே. ஆனால் அந்த விருப்பத்துக்காக நீதிமன்ற ஆணை ஒன்று செயலற்றுப் போனது என்பதே பிரச்னை. செல்வாக்கில்லாத கொலைக் கைதி ஒருவருக்கு அன்று மாலையே ஆளுநரின் கையொப்பம் கிடைத்திருக்குமா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எழுந்தது.

விஷயம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு வந்தது. தண்டனை பெற்றவர் சரணடைந்தால்தான் அவரது மேல்முறையீட்டு மனு விசாரிக்கப்படும் என்பது நீதிமன்ற விதி. ஆளுநரின் உத்தரவு இருப்பதால் தமக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்றார் நானாவதி. 1960 செப்டம்பர் 5-ம் தேதி தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா தலைமையிலான அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நிராகரித்தது. மன்னிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் கையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வைப்பதா, வேண்டாமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். தீர்ப்பின் சாரம் இதுதான். நீதிபதி கபூர் மட்டும் மாறுபட்டார்.

கடற்படைக் காவல் முடிந்தது. நானாவதி சாதாரணச் சிறைக்குச் சென்றார். பிரதமரின் ஆலோசனைப்படி பிறந்த உத்தரவு ஒன்றை, அதே பிரதமர் அசைக்க முடியாத செல்வாக்குடன் இருந்த காலத்தில், உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அரசும் மறுபேச்சின்றி அதை ஏற்றது.

இறுதித் தீர்ப்பு 1961 நவம்பர் 24-ம் தேதி வந்தது. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றிய கே. சுப்பா ராவ். திடீரென எழுந்த கடும் ஆத்திரத்தில் நிகழ்ந்த மரணம், கொலைக் குற்றத்தின் கடுமையிலிருந்து குறையும் என்று சட்டம் கூறுகிறது. மனைவியின் ஒப்புதலைக் கேட்ட எந்தக் கணவரும் நிலைகுலைந்திருப்பார் என்பதைத் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பிய 1.30-க்கும் சுட்ட 4.20-க்கும் இடையே, மனம் அடங்குவதற்குப் போதிய அவகாசம் இருந்தது. குழந்தைகளைத் திரையரங்கில் விட்டதும், கப்பலுக்குச் சென்று பொய்க் காரணம் கூறி ஆயுதம் பெற்றதும், முதலில் அலுவலகத்திலும் பிறகு வீட்டிலும் தேடியதும் நிதானமாகத் திட்டமிட்ட மனத்தையே காட்டுகின்றன என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயுள் தண்டனை உறுதியானது. திடீர் ஆத்திரம் என்பதன் எல்லைக்கு இன்றும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

மன்னிப்பும் மௌனமும்

சிறையில் அவர் இருந்தது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. பார்சி சமூகத்தின் வேண்டுகோள்கள் ஓயவில்லை. ஆனால் சிந்தி சமூகத்தின் மனம் புண்படும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. அந்நேரத்தில் காந்திதாம் நகரை உருவாக்கியவரும் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவருமான பாய் பிரதாப் என்ற சிந்தி வணிகர், இறக்குமதி உரிமம் தொடர்பான வழக்கில் தண்டனை பெற்று மன்னிப்புக் கோரியிருந்தார். இரண்டையும் இணைத்து வழி கண்டதைப் பின்னாளில் ஜெத்மலானி விவரித்திருக்கிறார். அஹுஜாவின் சகோதரி எழுத்துபூர்வமாக ஆட்சேபம் இல்லையெனத் தெரிவித்தார். மகாராஷ்டிர ஆளுநராக இருந்த விஜயலட்சுமி பண்டிட், 1964-ல் இருவருக்கும் மன்னிப்பு வழங்கினார். நீதிமன்ற நடவடிக்கைகள் எல்லாம் முடிந்துவிட்டதால் இம்முறை சட்டச் சிக்கல் எழவில்லை. இறந்தவரின் உறவினர் ஒருவரின் ஒப்புதல் இவ்வாறு பேரத்தின் ஒரு பகுதியானது சரிதானா என்று அன்று அதிகம் பேர் கேட்கவில்லை.

கடற்படைச் சீருடையை அவர் மீண்டும் அணியவில்லை. பிரச்னையின் மையத்திலிருந்த மனைவி அவரை விட்டுப் பிரியவில்லை. விசாரணையில் அவருக்காகச் சாட்சியம் அளித்தவர், அவருடனேயே வாழ்ந்தார். 1968-ல் குடும்பம் கனடாவில் குடியேறியது. 'யே ராஸ்தே ஹைன் பியார் கே', 'அச்சானக்', 2016-ல் வந்த 'ருஸ்தம்' என்று இந்தித் திரையுலகம் அவர் கதையைத் திரும்பத் திரும்பத் தேடிச் சென்றது. பெரும்பாலும் கணவரின் பக்கமே நின்றது.

சட்டம் அதன்பின் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அப்பிரிவு செல்லும் என்று 1985-ல் தீர்ப்பளித்தவர் ஒய்.வி. சந்திரசூட். அதை ரத்து செய்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். எனினும் முப்படையினர் மீது, அவரவர் படைச் சட்டங்களின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்கு இத்தீர்ப்பு தடையல்ல என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

'மைசூர்' கப்பலுக்கும் 1959 நல்ல ஆண்டாக அமையவில்லை. அவ்வாண்டு இலங்கைக் கடற்பகுதியில் நடந்த பயிற்சியின்போது அது பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'ஹோக்' மீது மோதியது. நானாவதி அப்போது காவலில் இருந்தார். அதன்பின் கால் நூற்றாண்டு பணியாற்றிய 'மைசூர்' 1985-ல் ஓய்வு பெற்றது. அதே பெயரில் புதிய போர்க்கப்பல் 1999-ல் கடற்படையில் சேர்ந்தபோது அவர் கனடாவில் இருந்தார். அங்கேயே 2003 ஜூலையில் காலமானார்.