கத்திக்கு முன்னால் வெறுங்கை: ஷங்காய் பொலிஸ்காரர் ஃபெயர்பேர்னின் கதை

கத்தியோடு பாய்ந்து வருபவரை ஒரே திருகலில் கீழே வீழ்த்தும் காணொளிகள் இன்று எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஓடுகின்றன. கத்தி பறக்கிறது, தாக்க வந்தவர் தரையில் கிடக்கிறார், பயிற்சியாளர் சிரிக்கிறார். பார்ப்பவருக்கும் தன்னால் முடியும் போலத் தோன்றுகிறது.

இந்தக் கலையைப் பொலிஸாருக்கும் படையினருக்குமான பாடமாக மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஃபெயர்பேர்ன். முப்பது வருடங்களுக்கு மேல் சண்டையையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், 1942 இல் வெளியான தனது நூலில் எழுதியது இந்தக் காணொளிகளுக்கு நேர் எதிரானது. நெருங்கிய சண்டையில் கத்தியை விடக் கொடிய ஆயுதம் இல்லை. அதற்கு எதிராக வெறுங்கையுடன் நிற்பவருக்கு நிச்சயமான பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. அந்த முடிவுக்கு அவர் தன் உடம்பில் விழுந்த காயங்களின் வழியாக வந்து சேர்ந்தார்.

ஃபெயர்பேர்ன் 1885 இல் இங்கிலாந்தின் ரிக்மன்ஸ்வேர்த்தில் பிறந்தார். பதின்ம வயதிலேயே, 1901 இல், பிரித்தானியக் கடற்படையின் தரைப்படைப் பிரிவில் சேர்ந்தார். கொரியாவில் பிரித்தானியத் தூதரகக் காவலில் இருந்துவிட்டு, 1907 இல் சீனாவின் ஷங்காய் நகரசபைப் பொலிஸில் இணைந்தார்.

அன்றைய ஷங்காயின் ஒரு பகுதி சர்வதேசக் குடியிருப்பு என்ற பெயரில் வெளிநாட்டவரின் ஆட்சியில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீனர்கள். ஆனால் அந்த நகரசபையில் சீனர்களுக்கு 1928 வரை ஓர் ஆசனம் கூட இருக்கவில்லை. வரி கட்டியவர்கள் ஒரு சாரார், தீர்மானித்தவர்கள் இன்னொரு சாரார். பொலிஸில் பிரித்தானிய அதிகாரிகளின் கீழ் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீக்கியர்களும் சீனர்களும் பணியாற்றினார்கள். துறைமுக நகரம் என்பதால் அபின் வியாபாரம், ஆட்கடத்தல், ஆயுதக் கொள்ளை எல்லாம் அங்கே நாளாந்த விடயங்களாக இருந்தன.

பணியில் சேர்ந்த ஆரம்பத்திலேயே ரோந்து சென்ற இடத்தில் ஒரு கும்பலிடம் சிக்கி, சாகும் நிலைக்கு வந்து வைத்தியசாலையில் கிடந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். குணமானதும் அவர் தேடிச் சென்றது ஒக்கடா என்ற ஜப்பானிய ஜூஜிட்சு ஆசிரியரை. பின்னர் டோக்கியோவின் கொடோக்கன் ஜூடோ நிலையத்தின் கறுப்புப் பட்டியையும் பெற்றார். சீனச் சண்டைக் கலைகளையும் கற்றார். கற்றதை அடுத்த ரோந்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டிய தொழில் அவருடையது. பயன்படாததை விட்டுவிட்டார்.

அப்படி மிஞ்சியதைத் திரட்டி 'டிஃபெண்டு' என்று பெயரிட்டு, 1926 இல் ஷங்காயில் நூலாக வெளியிட்டார். அதில் அழகான அசைவுகளுக்கு இடமில்லை. காரணம் எளிமையானது. உயிர்ப் பயம் வந்ததும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பார்வை குறுகும். நுணுக்கமான பிடிகள் அந்த நேரத்தில் கைகொடுக்காது. சில பெரிய அசைவுகள் மட்டுமே, அதுவும் திரும்பத் திரும்பப் பழகியிருந்தால், உடம்பு தானாகச் செய்யும்.

கத்தியைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. காணொளியில் வருவது போலக் கத்தியை நீட்டியபடி யாரும் அசையாமல் நிற்பதில்லை. கத்தி கடைசி நொடி வரை மறைந்திருக்கும். குத்து விழுந்ததும் பின்னிழுத்து மீண்டும் மீண்டும் விழும். குத்துப்பட்டவர் பலர் யாரோ கையால் அடித்ததாகவே முதலில் உணர்கிறார்கள். இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கத்தி என்று தெரிகிறது. ஆகவே ஓட முடிந்தால் ஓடுவதுதான் முதல் தற்காப்பு. முடியாவிட்டால் கத்திக்கும் உடம்புக்கும் இடையே ஏதாவது ஒரு பொருள் வேண்டும். ஃபெயர்பேர்ன் காட்டியது ஒரு சாதாரணக் கதிரையை. சிங்கத்தைப் பழக்குபவர் பிடிப்பது போல, நான்கு கால்களும் எதிராளியை நோக்கி இருக்க அதைப் பிடிக்கச் சொன்னார். பொலிஸாருக்காகக் குண்டு துளைக்காத அங்கிகளையும் கேடயங்களையும் உருவாக்குவதில் அவர் ஈடுபட்டதும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான். திறமையை மட்டும் நம்பி உயிரை விட அவர் தயாராக இருக்கவில்லை.

இந்த வாழ்க்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1925 மே 15 அன்று ஷங்காயின் ஜப்பானியப் பஞ்சாலை ஒன்றில் கு செங்ஹொங் என்ற தொழிலாளி சுடப்பட்டார், காயத்தால் இறந்தார். அதைக் கண்டித்து மே 30 அன்று நான்கிங் வீதியில் மாணவர்களும் பொதுமக்களும் திரண்டார்கள். பொலிஸ் நிலையத்தின் முன்னால் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் கட்டளையில் சூடு நடத்தப்பட்டது. குறைந்தது 9 பேர் கொல்லப்பட்டார்கள். சீனா முழுவதும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன.

அந்தக் கட்டளை ஃபெயர்பேர்னுடையது அல்ல. ஆனால் அதன் பிறகு கலகம் அடக்கும் விசேட பொலிஸ் பிரிவொன்றைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்று உலகெங்கும் உள்ள கலகத் தடுப்புப் பிரிவுகளின் முன்னோடிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. சுடாமல் கூட்டத்தைக் கலைக்கும் முறைகள் அங்கே வளர்க்கப்பட்டன என்பது உண்மை. மக்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்ற கேள்வி எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இருக்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் கேள்வியின் கனம் எங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

1940 இல் ஓய்வுபெற்று நாடு திரும்பியபோது அவருக்கு 55 வயது. பிரித்தானியா ஜேர்மனியுடன் போரில் இருந்தது. அவரும் ஷங்காய் நண்பர் எரிக் சைக்ஸும் இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியில் கொமாண்டோக்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். கண்ணாடி அணிந்து, வயதான பாதிரியார் போலத் தோன்றிய அந்த மனிதர் தங்களைத் தூக்கி எறிந்ததைப் பயிற்சி பெற்றவர்கள் பிற்காலத்திலும் மறக்கவில்லை.

அங்கேதான் அவர் வாழ்க்கை ஒரு முழு வட்டம் சுற்றியது. கத்திக்கு அஞ்சித் தற்காப்புக் கற்றவர், சைக்ஸுடன் சேர்ந்து ஒரு கத்தியை வடிவமைத்தார். இருபுறமும் கூரான, ஒடுங்கிய அலகு. வில்கின்சன் சோர்ட் நிறுவனம் 1941 இன் தொடக்கத்தில் அதைச் செய்யத் தொடங்கியது. ஃபெயர்பேர்ன்-சைக்ஸ் கத்தி என்று அறியப்படும் அது இன்றும் பல நாடுகளின் கொமாண்டோப் படைகளின் சின்னத்தில் இருக்கிறது. வெறுங்கைக்குப் பாதுகாப்பு இல்லை என்று அனுபவத்தில் அறிந்தவர், அந்த அறிவை மறுபக்கம் திருப்பியபோது கிடைத்த ஆயுதம் அது.

அதே 1942 இல் பெண்களுக்காகவும் ஒரு சிறு நூலை எழுதினார். கையைப் பிடிப்பவரிடமிருந்து விடுபடுவது, திரையரங்கில் பக்கத்து ஆசனத்திலிருந்து தொந்தரவு செய்பவரைச் சமாளிப்பது, குடையைப் பயன்படுத்துவது போன்றவை அதில் இருந்தன. பேருந்தில் போய்வரும் எந்தப் பெண்ணுக்கும் அந்த நூலின் தேவை இன்றும் புரியும். அவர் எழுதியவற்றில் யாரையும் ஆளும் நோக்கமில்லாதது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரகசியப் படையினருக்குப் பயிற்சி அளித்தார். போருக்குப் பிறகு, அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த சிங்கப்பூரிலும் சைப்பிரஸிலும் பொலிஸாருக்குக் கற்பித்தார். ஷங்காயில் உருவான பாடம் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த இடங்களுக்கெல்லாம் அவரோடு பயணம் செய்தது. 1960 இல் இங்கிலாந்தில் காலமானார்.

இன்றும் இவரது முறைகளின் ஏதோ ஒரு வடிவத்தைக் கற்பிக்கும் தற்காப்பு வகுப்புகள் இருக்கின்றன. வாள்வெட்டுச் செய்திகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை அப்படியான வகுப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் தாராளமாக அனுப்பலாம். ஆனால் முதல் நாளே ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கத்தியோடு ஒருவர் வந்தால் என்ன செய்யச் சொல்லிக் கொடுப்பீர்கள்? பறிக்கக் கற்றுத் தருவேன் என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். ஓடச் சொல்வேன், ஓட வழியில்லாவிட்டால் மட்டும் மற்றவை என்று சொன்னால், அவர் ஃபெயர்பேர்னின் காயங்களிலிருந்து சரியாகக் கற்றிருக்கிறார்.