தேயிலையின் முன்னோடியும் அவரைச் சுமந்த தோள்களும்

பொகவந்தலாவையைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று அழைப்பது வழக்கம். ஆயினும், 1870களின் தொடக்கத்தில் இப்பிரதேசத்தின் பிரதான பயிராக விளங்கியது கோப்பியே. கோப்பித் தோட்டங்களில் முதலிட்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்தவரும், உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞருமான ஜூலியா மார்கரெட் கமரூன் 1879 இல் காலமாகி, இங்குள்ள புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வேளையில் கோப்பியும் தனது அந்திமத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய், இரு தசாப்தங்களுக்குள் அப்பயிரை மலையகத்திலிருந்து ஏறக்குறைய துடைத்தெறிந்துவிட்டது.

அந்த அழிவிலிருந்து நாட்டின் பொருளாதாரத்தை மீட்டெடுத்த தேயிலையை, இலங்கையில் வர்த்தக ரீதியாக முதன்முதலில் பயிரிட்டு வெற்றி கண்டவர் ஜேம்ஸ் டெய்லர். அவரது வாழ்வையும், அதனிலும் மேலாக அவரது இறுதி நாட்களையும் மீட்டிப் பார்ப்பது இன்றைய மலையகத்துக்கும் பொருத்தமுடையது என்றே நாம் கருதுகின்றோம்.

ஸ்கொட்லாந்தின் கிராமப்புறமொன்றில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1835 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி டெய்லர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குக் கைச்சாத்திட்டு, 1852 இன் ஆரம்பத்தில் இலங்கையில் கால்பதித்தபோது அவருக்கு 17 வயது கூட நிறைவடைந்திருக்கவில்லை. கண்டிக்குத் தெற்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் கடமையேற்ற அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை அங்கேயே கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பிச் செல்லவுமில்லை.

கோப்பிக்கு நோய் வருவதற்கு முன்னரே மாற்றுப் பயிர்களில் அவர் நாட்டங்கொண்டிருந்தார். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்தைத் தரும் சிங்கோனாவைப் பயிரிட்டார். 1867 இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை நாட்டினார். தொழிற்சாலையோ இயந்திரமோ இல்லாத அந்நாட்களில், பங்களா விறாந்தையே அவரது தொழிற்கூடமாயிற்று. பறித்த கொழுந்து மேசையில் வைத்துக் கையால் உருட்டப்பட்டு, கரியடுப்பின் மேல் உலர்த்தப்பட்டது. 1872 இல் சிறியதொரு தொழிற்சாலையை அமைத்த அவர், கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார். மறு ஆண்டில் அவரது தேயிலையில் 23 இறாத்தல் இலண்டன் சந்தைக்குச் சென்றது. 1874 இல் விடுமுறை பெற்று டார்ஜிலிங் சென்றபோதும், அங்குள்ள தேயிலைச் செய்கையைக் கற்பதிலேயே அந்நாட்களைச் செலவிட்டார். 1875 இல் சுமார் ஆயிரம் ஏக்கராகவிருந்த இலங்கையின் தேயிலை நிலம், அந்நூற்றாண்டு முடிவடைவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

ஆனால், அந்த வளர்ச்சியின் பெரும்பலன் அவரைச் சென்றடையவில்லை. 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் பெருஞ் செல்வந்தராகி உலகெங்கும் பெயர் பெற்றார். டெய்லரோ இறுதிவரை சம்பளத்துக்கு உழைத்த முகாமையாளராகவே இருந்தார். தோட்டத் துரைமார் சங்கம் அவருக்கு வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்துக் கௌரவித்தது. எனினும், 1892 இன் முற்பகுதியில் தோட்டத்தின் உரிமையாளரான கம்பனி அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. தாம் உருவாக்கிய தோட்டத்தை விட்டுச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டு மே 2 ஆம் திகதி, வயிற்றுளைவு நோயினால் லூல்கந்துரவிலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 57.

பருத்த உடலினரான அவரது சடலத்தை, இருபத்து நான்கு பேர் பன்னிருவர் கொண்ட இரு அணிகளாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, கண்டி மஹய்யாவ மயானம் வரை கால்நடையாகச் சுமந்து சென்றனர். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்தனர். சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் அவரே முன்னோடி என்பது அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், அவரைச் சுமந்த இருபத்து நால்வரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

டெய்லரின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. அந்த 19 ஏக்கரிலும் தனியொருவர் காடு வெட்டிக் கன்று நட்டிருக்க முடியாது என்பதையே வலியுறுத்த விரும்புகின்றோம். தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டுப்பாதை வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் கரங்களே இம்மலைகளைப் பசுமையாக்கின. வழியிலேயே நோயுற்று மாண்டவர்கள் ஏராளம். தப்பி வந்தோரின் சந்ததியினரில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டின் சட்டம் பறித்தது. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் கருத்தைக் கேளாமலேயே இரு நாடுகளுக்கிடையே அவர்களைப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

கம்பனியின் ஒரு முடிவினால் பதவியிழந்தவராகவே டெய்லர் இறந்தார். அவருக்கு நேர்ந்தது அவருடன் முடிந்தது. லயன் அறைகளில் வாழும் மக்களுக்கோ அது பரம்பரை நிலையாகத் தொடர்கின்றது. அண்மைய ஆண்டுகளில் 7 பேர்ச் காணியுடன் தனி வீடுகள் அமைக்கப்பட்டமையும், இந்திய உதவியுடனான வீடமைப்பும் வரவேற்கத்தக்கவையே. எனினும், தேவையுடன் ஒப்பிடுகையில் அவை மிகச் சொற்பமானவை. காணி உறுதி இன்றி லயன்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் பெருந்தொகையாக உள்ளன.

மலையக மக்களின் இருநூறாண்டு வருகையை 2023 இல் நாடு நினைவுகூர்ந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் ஒரு நடைபயணம் இடம்பெற்றது. நினைவுகூரல்கள் அவசியமானவையே. ஆனால், முன்னோடிக்குக் கல்லறை எழுப்பிய நாடு, அவரைச் சுமந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குச் சொந்தக் காணியையும் அதற்கான உறுதியையும் வழங்கும்போதே அக்கடன் தீரும் என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்து செயற்பட வேண்டும்.