நாணயம் காத்த கப்பலோட்டி



‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கடையில் கொடுக்கும் காசு. இன்னொன்று, சொன்ன சொல் தவறாத நேர்மை. முதல் நாணயம் கையை விட்டுப் போன பிறகும் இரண்டாவது நாணயத்தை விடாமல் காத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் தெரிந்துகொள்வோம். கோவையில் வ.உ.சி. பூங்காவுக்குப் போயிருப்பீர்களே, அந்த வ.உ.சி.தான் அவர்!

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, தாய் பரமாயி அம்மாள். சட்டம் படித்து வக்கீல் ஆனார். பிறகு தூத்துக்குடியில் குடியேறித் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது. கவலையில்லாத வாழ்க்கை.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது ஆங்கிலேயர்களின் கம்பெனி. நம் நாட்டு வியாபாரிகள் அவர்கள் கேட்ட கூலியைத்தான் கொடுக்க வேண்டும். நாமே கப்பல் விட்டால் என்ன என்று நினைத்தார் வ.உ.சி. நினைத்ததோடு நிற்கவில்லை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது.

கப்பல் வாங்கப் பெரும் பணம் வேண்டுமே! அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மொத்த மூலதனத்தைப் 10 லட்சம் ரூபாய் என்று வைத்து, அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்! ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய். சிறிய அளவில் பங்கு வாங்கியவர்களும் உண்டு. வ.உ.சி.யின் மீது வைத்த நம்பிக்கைதான் அத்தனை பேரையும் பணம் போட வைத்தது.

‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஊரே கொண்டாடியது. ஆங்கிலேயக் கம்பெனி சும்மா இருக்குமா? பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பணபலம் உள்ள கம்பெனி நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்கிய நம் கம்பெனி எவ்வளவு நாள் தாங்கும்?

இந்த நேரத்தில் இன்னொரு இடி விழுந்தது. விடுதலை உணர்வைத் தூண்டிப் பேசியதற்காக 1908 மார்ச் மாதம் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் இருந்தது நம் கோவைச் சிறையில். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தது இங்கேதான். பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி நொடித்துப் போயிற்று. 1911-ல் அது கலைக்கப்பட்டது. ‘காலியா’ கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது!

1912 டிசம்பர் 24 அன்று வ.உ.சி. விடுதலையானார். வெளியே வந்தவரிடம் கம்பெனி இல்லை. சேர்த்து வைத்த பணம் இல்லை. மறுபடியும் வக்கீலாகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வக்கீல் தொழில் செய்வதற்கு அரசு தரும் உரிமத்தைச் ‘சன்னது’ என்பார்கள். தண்டனை பெற்றதால் அந்தச் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்றியாக வேண்டும். சென்னைக்குப் போய்ச் சிறு கடை வைத்துப் பார்த்தார். வருமானம் போதவில்லை.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர்கள் வ.உ.சி.க்கு உதவுவதற்காகப் பணம் திரட்டியிருந்தார்கள். அது காந்தியடிகள் மூலமாக அவருக்கு வர வேண்டியிருந்தது. 1915-ல் இதுபற்றி இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதால் 12 அணா என்றால் முக்கால் ரூபாய். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவருக்கு அந்த 347 ரூபாயே பெரிய உதவியாக இருந்தது என்றால் அவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வ.உ.சி. மறுபடியும் கோவைக்கு வந்தார். இந்த முறை கைதியாக அல்ல, ஒரு வங்கியின் மேலாளராக!

வங்கி என்ன செய்கிறது? ஒருவர் சேமித்த பணத்தை வாங்கிப் பத்திரமாக வைக்கிறது. தேவைப்படும் இன்னொருவருக்கு அதைக் கடனாகக் கொடுக்கிறது. வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கொடுப்பார் என்பதுதான் அதற்கு அடிப்படை. ஊரார் பணத்தைக் காக்கும் அந்தப் பொறுப்பு, கம்பெனி நொடித்துப்போன ஒருவரிடம், சிறைக்குப் போய் வந்த ஒருவரிடம் கொடுக்கப்பட்டது! கம்பெனி விழுந்தது போட்டியாலும் அடக்குமுறையாலும்தான். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவருடைய பணம் போயிருந்தது, நல்ல பெயர் போகவில்லை.

கோவையில் அவருக்குப் பழைய நட்பும் உண்டு. பெரியபுராணத்துக்கு விரிவான உரை எழுதிய சிவக்கவிமணி சி.கே.சுப்பிரமணிய முதலியார் கோவை வக்கீல்தான். வ.உ.சி. சிறையில் இருந்த காலத்தில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் துணை நின்றவர் அவர்.

ஆனால் வங்கிச் சம்பளம் பெரிய குடும்பத்துக்குப் போதவில்லை. சன்னதைத் திருப்பித் தரும்படி வ.உ.சி. விண்ணப்பம் செய்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அதற்கு உதவினார். சன்னது மீண்டும் கிடைத்தது! அந்த நன்றியை மறக்காமல் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர்தான். ஆனாலும் உதவி செய்த மனிதரை மறக்கவில்லை.

பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பினார். பழைய செல்வம் திரும்பி வரவில்லை. சில்லறைக் கடன்கள் இருந்தன. 1936 நவம்பர் மாதம் உடல்நிலை மிகவும் மோசமானது. அப்போது ஓர் உயில் எழுதினார். எண்ணெய்க்கடை, துணிக்கடை என்று யார் யாருக்கு எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்பதை அதில் குறிப்பிட்டிருந்தார். நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்தவர் அவர். அந்தச் சிறு பாக்கிகளை மறைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அவர் மறைக்கவில்லை. நவம்பர் 18 அன்று காலமானார்.

குழந்தைகளே, இன்று பெரியவர்கள் வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால், அவர்கள் முன்பு வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினார்களா என்று பார்க்கிறார்கள். அதற்குப் பரீட்சை போல மதிப்பெண்ணும் உண்டு. 300 முதல் 900 வரை போடுகிறார்கள். தொழிலில் நஷ்டம் வந்து மதிப்பெண் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சிறு தொகையாக இருந்தாலும் தவணை தவறாமல் கட்டி வந்தால், மெல்ல மெல்ல அது உயரும். ஒரே நாளில் உயராது.

நஷ்டம் யாருக்கும் வரலாம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. கொடுக்க வேண்டியதை மறைப்பதுதான் வெட்கம். நண்பனிடம் இரவல் வாங்கிய பென்சிலாக இருந்தாலும், அண்ணாச்சி கடையில் பாக்கி வைத்த இரண்டு ரூபாயாக இருந்தாலும், நினைவு வைத்துத் திருப்பிக் கொடுங்கள். இன்று தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் விட்ட கப்பல்கள் போய்விட்டன, அவருடைய நாணயம் இன்றும் நிற்கிறது.