திமிங்கிலத்தின் செவி கண்டவர்



திமிங்கிலத்திற்குக் காது உண்டா? சென்ற ஆண்டு விலங்கியல் வகுப்பில் எழுந்த இவ்வினாவுக்கு விடை தெரியாமல் நான் தலைகுனிந்து நின்றேன். பாலூட்டிகளுக்குச் செவிமடல் உண்டு என்பது பள்ளியில் நான் உருப்போட்ட பாடம். திமிங்கிலம் பாலூட்டி என்பதும் அதே பாடந்தான். ஆனால் படத்தில் எத்தனை முறை உற்று நோக்கினாலும் மடலைக் காணோம். தமிழ் வழியில் பயின்று வந்தவன் நான். கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில நூலை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல மாலைகள் புரட்டினேன். அங்கேதான் ஜான் ஹண்டர் என்னும் பெயரைக் கண்டேன். செவியைத் தேடிப் போன நான் ஒரு மாமனிதரைக் கண்டுகொண்டேன். அவர் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகருக்கு அருகேயுள்ள லாங் கால்டர்வுட் என்னும் சிற்றூரில் 1728ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹண்டர் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். பள்ளியில் அவருக்குப் படிப்பு ஏறவில்லை. இலத்தீன் மொழி அவருக்குப் பாகற்காயாய்க் கசந்தது. வயல்களிலும் தோப்புகளிலும் திரிந்து, எறும்பையும் வண்டையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் பிடித்த கல்வி. பின்னர் கிளாஸ்கோவில் மரச்சாமான்கள் செய்து வந்த அக்காள் கணவருக்குத் துணையாகச் சில காலம் தச்சு வேலை பார்த்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தேன். என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பலகையை விரல் மடக்கித் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே உள்ளே பொந்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதையும் ஓர் அறிவு என்று நான் அதுவரை எண்ணியதில்லை.

1748ஆம் ஆண்டு, இருபதாம் வயதில், ஹண்டர் குதிரையேறி இலண்டன் சென்றார். இன்று எனக்கும் அதே வயதுதான். அங்கே அவருடைய தமையனார் வில்லியம் ஹண்டர் உடற்கூற்றியல் பள்ளி நடத்தி வந்தார். தம்பியிடம் ஒரு கையை அறுத்துத் தசைகளைப் பிரித்துக் காட்டும்படி சொன்னார். தச்சு பழகிய கை அல்லவா! தமையனார் வியக்கும்படி அவ்வேலை முடிந்தது. அன்று எடுத்த கத்தியை அவர் இறுதி வரை கீழே வைக்கவில்லை. இடையில் 1755இல் அவரை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிப் பண்டிதராக்கப் பார்த்தனர். இரண்டு மாதங்கூட அவர் அங்குத் தங்கவில்லை. ஏடுகள் சொல்வதை நம்புவதைவிட, தாமே திறந்து பார்ப்பதே அவர் இயல்பு. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரே பின்னாளில் அம்மைத் தடுப்பு முறையைத் தந்த எட்வர்டு ஜென்னர். வெறும் ஊகத்தில் நின்றுவிடாமல் செய்து பார்க்க வேண்டும் என்பதே அம்மாணவருக்கு அவர் ஊட்டிய பாடம்.

செவியின் மீது அவருக்கு நாட்டம் மிகுதி. படை மருத்துவராகப் போர்த்துக்கல் சென்றிருந்த 1762ஆம் ஆண்டில், லிஸ்பன் அருகே ஒரு செல்வர் தோட்டத்தில் மீன்கள் நிறைந்த குளம் ஒன்றைக் கண்டார். மீனுக்குக் காது கேட்குமா? கரையில் படுத்துக்கொண்டு, உடன் வந்தவரைப் புதருக்குப் பின்னே சென்று துப்பாக்கியை வெடிக்கச் சொன்னார். புதரின் மறைவு எதற்கு? வெடியின் ஒளியைக் கண்டு மீன்கள் மிரண்டுவிட்டால் சோதனை பொய்த்துவிடும் அன்றோ! வெடியோசை கேட்ட மாத்திரத்தில் மீன்கள் அனைத்தும் சேற்றைக் கலக்கியபடி அடியில் மறைந்தன. செலவில்லாத இச்சோதனையின் அழகை நாம் எண்ணி எண்ணி மகிழலாம்.

மீனுக்கு அடுத்து அவர் மனம் திமிங்கிலத்தின்பால் சென்றது. ஆனால் அவ்வளவு பெரிய உடலை அறுத்துப் பார்க்க யாருக்கு எளிதில் வாய்க்கும்? கிரீன்லாந்துக்குச் செல்லும் திமிங்கில வேட்டைக் கப்பலில் தம் பொருளைச் செலவிட்டு ஒரு மருத்துவரை அனுப்பினார். வேண்டிய கருவிகளும் கொடுத்தார். திரும்பி வந்ததோ, சிற்றுயிர்கள் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தோல் மட்டுமே! அவர் தளரவில்லை. 1783இல் தேம்ஸ் ஆற்றுக்குள் வழி தவறி வந்து இலண்டன் பாலத்தருகே பிடிபட்ட 21 அடி நீளத் திமிங்கிலம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தார். கடற்பன்றி முதலிய வேறு இனங்களையும் கிடைத்தபோதெல்லாம் ஆராய்ந்தார். 1787இல் இராயல் கழகத்தின் இதழில் திமிங்கிலங்களின் உடலமைப்பைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் அக்கழகத்தின் காப்ளி பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

அவர் கண்ட செவி எப்படிப்பட்டது? கண்ணுக்குச் சற்றுப் பின்னே, கண்டுபிடிப்பதற்கே அரிதான ஒரு சிறு துளை. அதிலிருந்து உள்ளே வளைந்து செல்லும் குறுகிய குழல். அதன் முடிவில் செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் எலும்புகள், நத்தை ஓடு போன்ற சுருள், அரைவட்டக் குழல்கள். நம் காதில் உள்ளவை எல்லாம் அங்கேயும் உண்டு! மீனின் காதிலோ நத்தைச்சுருளும் இல்லை, அச்சிற்றெலும்புகளும் இல்லை. உருவத்தால் மீனை ஒத்தாலும் திமிங்கிலம் மீனன்று. நாற்கால் விலங்குகளின் சுற்றமே என்பதை அதன் காதும் எடுத்துரைக்கிறது.

திமிங்கிலத்தின் செவியெலும்பு பீங்கான் போல் கெட்டியானது. மண்டையோட்டோடு ஒன்றிப் பிணையாமல் தனித்து நிற்பது. இதன் பயனை இன்றைய அறிவியல் விளக்குகிறது. காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் விரைகிறது. நாம் நீரில் மூழ்கினால் ஒலி மண்டையோடு முழுவதும் பரவி இரு காதுகளுக்கும் ஒன்றுபோல் எட்டும். திசை தெரியாமல் திகைப்போம். திமிங்கிலத்தின் செவியெலும்புகளைச் சுற்றிக் காற்றறைகள் இருப்பதால், ஒவ்வொரு காதும் தனித்துக் கேட்டுத் திசையறிகிறது. பல் உள்ள திமிங்கிலங்களில் ஒலி பெரும்பாலும் கீழ்த்தாடையின் கொழுப்பு வழியாகச் செவியை அடைகிறது என்னும் கருத்தை 1960களில் கென்னத் நோரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. ஹண்டர் இதனை அறிந்திலர். ஆயினும் பின்வந்தவர்கள் ஆராய்வதற்கு ஏற்ற உறுப்புகளை வரிசைப்படுத்தி வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

புகழ் மட்டுமே பாடுவது வரலாறாகாது. அதே 1783இல் இறந்த சார்லஸ் பைர்ன் என்னும் அயர்லாந்து நாட்டு நெட்டை மனிதர், தம் உடலைக் கடலில் இட வேண்டும் என்று விரும்பியிருந்தார். ஹண்டர் கையூட்டுக் கொடுத்து அவ்வுடலைப் பெற்றார். அவ்வெலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2023இல் அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோதுதான் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. அறியும் வேட்கை அறத்தை மறந்தால் எவ்வளவு பெரியவரும் சிறுமையடைவர் என்பதற்கு இது சான்று.

ஹண்டருக்கு நெஞ்சுவலி நோய் இருந்தது. சினம் மூண்டால் உயிருக்கே ஆபத்து என்பதை அவரே அறிந்திருந்தார். அவர் பணியாற்றிய செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், முன்பயிற்சிச் சான்று இல்லாதவர்களை மாணவராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தனர். அவ்விதி அறியாமல் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து நின்றனர். அவர்களுக்காகப் பேச 1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் ஹண்டர் கூட்டத்திற்குச் சென்றார். அங்கே அவர் பேச்சு மறுக்கப்பட்டது. பொங்கிய சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றவர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார். பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்ட அவருடைய சேகரிப்புகளை 1799இல் அரசு 15,000 பவுன் கொடுத்து வாங்கியது. அதுவரை அவற்றைக் கண்ணின் மணிபோல் காத்தவர் வில்லியம் கிளிஃப்ட் என்னும் ஏழை இளைஞர். ஹண்டர் மறைந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

சான்றிதழ் இல்லாத இருவருக்காகத் தம் இறுதி மூச்சைச் செலவிட்டவர், ஒரு காலத்தில் தாமும் சான்றிதழ் இன்றி இலண்டன் வந்தவரே. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பப் படிவத்தில் என் தந்தையார் எழுத்துக் கூட்டிக் கையொப்பமிட்ட காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஆங்கிலம் பேசத் தெரியாத என்னை இக்கல்லூரி புறத்தே நிறுத்தவில்லை. வகுப்பில் விடை தெரியாமல் நான் நின்றபோதும் எங்கள் பேராசிரியர் என்னைக் கடியவில்லை; நூலகத்திற்கு வழி காட்டினார்.

தோழர்களே! மடல் காணோம் என்பதற்காகத் திமிங்கிலத்தைச் செவிடு என்று முடிவு கட்டினால் இழப்பு நமக்கே. மனிதரிடத்தும் அப்படியே. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பலகையைத் தட்டிக் கேட்கும் கலையை எனக்கும் கற்றுத் தருமாறு தந்தையாரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு வேப்பம் பலகையை என் முன்னே வைத்தார்.