காஸ்டிக் சோடா கொடுத்த பெயர் – ஜான் மெர்சர்

ஜவுளிக்கடையில் 'மெர்சரைஸ்டு காட்டன்' என்றால் பட்டு மாதிரி மின்னுகிற பருத்தின்னுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பளபளப்பைத் தேடிப் போனவரே இல்லை. அவர் காப்புரிமை கேட்டது வேறு விஷயங்களுக்காக. இது தெரிந்ததும் அவர் வாழ்க்கையை எழுதியே ஆகணும்னு தோன்றியது.

ஜான் மெர்சர் 1791 பிப்ரவரி 21-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், கிரேட் ஹார்வுட் அருகே பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளி. ஒன்பது வயதிலேயே பையன் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டான். பிறகு தறியில் ஏறினான். எழுத்தும் கணக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கற்றதுதான். 1807-ல் தன் குட்டித் தம்பி போட்டிருந்த ஆரஞ்சு நிறச் சட்டை அவரைப் பிடித்து உலுக்கியது. அந்த நிறம் எப்படி வருதுன்னு தெரிஞ்சே ஆகணும்! சாயம் வாங்கி, தானே காய்ச்சிப் பழகினார். கல்யாண லைசென்ஸ் வாங்க பிளாக்பர்ன் போனவர், பழைய புத்தகக் கடையில் பார்க்கின்சனின் வேதியியல் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்தப் புத்தகம்தான் அவருடைய பாலிடெக்னிக்!

சில ஆண்டுகளில் ஆன்டிமனி சல்ஃபைடைக் கொண்டு பருத்தியில் ஆரஞ்சு அச்சடிக்க வழி கண்டார். 1818-ல் ஓக்கன்ஷா அச்சுத் தொழிற்சாலையில் வேதியியலாளராகச் சேர்ந்து, 1825-ல் அங்கேயே பங்குதாரரும் ஆனார். தார் சுற்றிய பையனுக்கு இது சின்ன உயரமா?

நம்ம பாடத்துக்கு வருகிறேன். 1844-ல் அவர் 60 டிகிரி ட்வாடல் காஸ்டிக் சோடாக் கரைசலை, பல மடிப்பாக மடித்த பருத்தித் துணி வழியாக வடிகட்டினார். அவருக்கு வேண்டியது கரைசல்தான், துணி வெறும் வடிகட்டி. கீழே இறங்கியது 53 டிகிரிதான் காட்டியது. மிச்சக் காரம் எங்கே? துணி குடித்துவிட்டது! நீளம், அகலம் இரண்டிலும் சுருங்கி, தடித்து, பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகியிருந்தது. வேறொருவர் என்றால் அந்தத் துணியைத் தூக்கி எறிந்திருப்பார். இவர் அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். வலிமை கூடியது, சாயமும் ஆழமாகப் பிடித்தது. 1850-ல் காப்புரிமை, 1851 லண்டன் பொருட்காட்சியில் காட்சி, 1852-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

பெருமையெல்லாம் வந்தது, வியாபாரம்தான் வரவில்லை. நூறு கெஜம் உள்ளே போனால் எழுபத்தைந்து, எண்பதுதான் வெளியே வரும். காஸ்டிக்கும் விலை அதிகம். துணி கெட்டியாச்சு, சரி; குறைந்த கெஜத்துக்கு யார் பணம் தருவது? மில்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1866 நவம்பர் 30-ல் மெர்சர் காலமானார். அவருடைய முறை தூங்கிக்கொண்டிருந்தது.

1890-ஐ ஒட்டி ஹோரஸ் லோவ் என்ற ஆங்கிலேயர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடி காரத்தில் நனைத்து, அப்படியே அலசினார். பளபளப்பு வந்துவிட்டது! அவருக்கும் வாங்க ஆள் இல்லை. 1895-ல் ஜெர்மனியின் கிரெஃபெல்டில் தாமஸ், பிரிவோஸ்ட் என்ற இருவர் இதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

காரணம் இழையின் உடம்பில் இருக்கிறது. பருத்தி இழை முறுக்கிய நாடா மாதிரி. வெட்டிப் பார்த்தால் அவரைவிதை வடிவம். காரத்தில் ஊறினால் உப்பி, முறுக்குத் தளர்ந்து, உருண்டையாகிறது. உள்ளே செல்லுலோஸின் படிக அமைப்பே மாறுகிறது. இழுத்துப் பிடித்தால் மேற்பரப்பு வழவழப்பாகி ஒளியைச் சீராகத் திருப்புகிறது. தொட்டால் குளுமை, வலிமையும் நன்றாகக் கூடும், நீட்சி குறையும். தளர்வாக விட்டால் கைக்குத் தடிப்பு, நிறைவு. நீட்சி அதிகம், மினுமினுப்பு இல்லை. நம்ம பிராசஸிங் லேபில் ஒரே தானில் வெட்டிய இரண்டு துண்டுகளை இப்படிச் செய்து, கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். ஒரே துணின்னு சொல்லவே மாட்டீர்கள்!

நூலும் நெசவும் ஒத்துழைக்கணும். முறுக்கு அதிகமான நூலிலும் நெருக்கமான நெசவிலும் காரம் உள்ளே போகத் திணறும். மேலே மட்டும் மாறி, துணி விறைப்பாகும். நீண்ட இழைப் பருத்தி, கோம்ப்டு நூல், ரோமம் பொசுக்கியது என்றால்தான் பளபளப்பு முழுசாகத் தெரியும்.

மெர்சரின் பழைய தளர்வு முறைக்கும் வேலை கிடைத்தது. 1940-களில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வுக்கூடம் பருத்திக் காஸ் துணியை அப்படியே சுருங்கவிட்டு, ரப்பர் இல்லாமலே நீளும் பேண்டேஜ் செய்தது. முழங்கை, முழங்கால் மடிப்பில் சுற்றினால் நழுவாமல் நிற்கும். மில்காரர்கள் நஷ்டம் என்று ஒதுக்கிய அதே சுருக்கம்தான் அங்கே நீட்சியாக வேலை செய்கிறது.