ஆரணி தந்த மர்மக் கதை மன்னர்

நள்ளிரவு. மஞ்சள் நிற அறை ஒன்று. கதவு உட்பக்கம் தாழிட்டிருக்கிறது. ஜன்னலுக்குக் கெட்டியான இரும்புக் கம்பிகள். உள்ளே ஓர் இளம் பெண் தனியாகப் படுத்திருக்கிறாள்.

திடீரென்று ஓர் அலறல்! துப்பாக்கி வெடிக்கும் சத்தம்! வெளியே இருந்த தந்தையும் வேலைக்காரரும் கதவை உடைத்துக்கொண்டு பாய்கிறார்கள். பெண் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறாள். தாக்கியவனை மட்டும் காணோம். அவன் வெளியே போக வேறு வழியே இல்லை. பிறகு எப்படி மாயமாய் மறைந்தான்?

இந்தக் கதையை எழுதியவர் காஸ்டன் லெரூ என்ற பிரெஞ்சுக்காரர். 1907-ல் இது வெளிவந்தது. கடல் கடந்து வந்த இந்தக் கதையை "மஞ்சள் அறையின் மர்மம்" என்ற பெயரில் தமிழ் மக்களுக்குக் கொடுத்தவர் ஆரணி குப்புசாமி முதலியார்.

மலையும் நதியும்

ஜவ்வாது மலையில் பிறந்து கிழக்கே ஓடி வருகிறது கமண்டல நாகநதி. அதன் கரையில் இருக்கிறது ஆரணி. அரிசிக்கும் பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்ற ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்த ஊர், வெள்ளையர் காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவில் ஒரு ஜாகீராக இருந்தது. 1866-ல் பிறந்த குப்புசாமி முதலியார், இந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஆரணி என்றாலே நாவல் படிப்பவர்களுக்கு அவர் நினைவுதான் வந்தது.

கொலைக் கதை அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது. தந்தை ஜமதக்னி முனிவரின் ஆணைப்படி, பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டிய கதையை அங்கே சிறு குழந்தையும் சொல்லும்.

ஆனால் ஒரு வித்தியாசம். புராணத்தில் வெட்டியவன் யார் என்பது முதலிலேயே தெரியும். தெரிந்தும் கேட்கிறோம், அழுகிறோம். குப்புசாமி முதலியார் கொடுத்த கதைகளிலோ, கொன்றவன் யார் என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் படித்துத்தான் தீர வேண்டும்!

இதில்தான் அவர் செய்த பெரிய காரியம் அடங்கியிருக்கிறது.

படிக்காத நாட்டில் நாவல்

1911-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு எடுத்தபோது, சென்னை மாகாணத்தில் 100 பேரில் 10 பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களின் நிலை இன்னும் மோசம். பள்ளிக்கூடம் போய் நாலு எழுத்துத் தெரிந்துகொண்டவர்களும் கடிதத்துக்கும் கணக்குக்கும் மேல் போகவில்லை. 300 பக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து முடிப்பது என்பது பலருக்கு மலையேறுவது போல.

தமிழில் நாவல் அதற்கு முன்பே வந்துவிட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879-ல் வந்தது. 1894-ல் நடேச சாஸ்திரி "தானவன்" என்ற போலீஸ் நிபுணரின் கதையை எழுதினார். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் மாதா மாதம் காத்திருந்து கதை படிக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1915-ல் சென்னையில் "ஆனந்தபோதினி" என்ற மாதப் பத்திரிகை தோன்றியது. நாகவேடு முனுசாமி முதலியார் அதைத் தொடங்கினார். ஆரணி குப்புசாமி முதலியார் அதன் ஆசிரியராக இருந்தார். வேதாந்தம், ஒழுக்கம், பக்தி எல்லாம் அதில் உண்டு. கூடவே தொடர்கதையும் உண்டு. வேதாந்தக் கட்டுரையைத் தாத்தா படிப்பார். கதையை வீடே படிக்கும்! எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தால், தெரியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம் அல்லவா?

லண்டனிலிருந்து வந்த சரக்கு

முதலியார் ஆங்கில நாவல்களில் ஊறியவர். முக்கியமாக ரெயினால்ட்ஸ். இங்கிலாந்தில் 1814-ல் பிறந்து 1879-ல் இறந்தவர் இந்த ரெயினால்ட்ஸ். பிரபுக்களின் மாளிகைகளில் நடக்கும் சூதுகளை எழுதி, வாரம் ஒரு பென்னி விலையில் ஏழைத் தொழிலாளர்களுக்கு விற்றவர். அவருடைய சொந்த நாடு அவரை மறந்த பிறகும் இந்தியாவில் அவருக்கு ஏக மவுசு.

முதலியார் இந்தக் கதைகளை வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம் நாட்டுப் பெயர் வைத்தார். நடை, உடை, பேச்சு எல்லாவற்றையும் நம் பக்கத்துக்கு மாற்றினார். நடுநடுவே நீதியும் சொன்னார். "இரத்தினபுரி இரகசியம்" இப்படிப் பல பாகங்களாக வளர்ந்த நாவல். "மின்சார மாயவன்" என்பது இன்னொன்று. மொத்தம் 60 நாவல்களுக்கு மேல் எழுதினார்.

சொல்வது சுலபம். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஆங்கிலக் கதையில் ஒரு பெண் இரவு நேரத்தில் தனியாக வண்டி ஏறிப் போவாள். அந்நிய ஆடவனுடன் விருந்தில் நடனம் ஆடுவாள். அந்நாளைய தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை அப்படி எழுத முடியுமா? அதே சமயம் அந்தச் சம்பவத்தை எடுத்துவிட்டால் மர்மத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும். முடிச்சும் கெடக்கூடாது, வீட்டில் படிக்கவும் கூச்சம் கூடாது. இந்தக் கம்பிமேல் அவர் ஆண்டுக்கணக்கில் நடந்தார்.

அவருடைய துப்பறியும் நிபுணர் ஆனந்தசிங். ஷெர்லக் ஹோம்ஸுக்குத் தமிழ்நாட்டுத் தம்பி என்று சொல்லலாம். தமிழ்க் கதையில் துப்பறிய எதற்காக ஒரு சிங்? எனக்குத் தோன்றுவது இதுதான்: உள்ளூர்க்காரராக இருந்தால் ஜாதி கேட்பார்கள், உறவு கேட்பார்கள். எந்த உறவும் இல்லாத அந்நியர்தான் எல்லாரையும் ஒரே மாதிரி சந்தேகப்பட முடியும்! சென்னைப் போலீசில் சி.ஐ.டி. பிரிவு ஏற்பட்டதே 1906-ல்தான். துப்பறிவது என்றால் என்ன என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை இப்படிப்பட்ட நாவல்கள்தான்.

மூவர்

அதே காலத்தில் இன்னும் இருவர் இந்தத் துறையில் புகழ் பெற்றார்கள். ஜே.ஆர். ரங்கராஜு "ராஜாம்பாள்" எழுதினார். அவருடைய துப்பறிபவர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்கார் "மேனகா"வையும் "திகம்பர சாமியா"ரையும் எழுதினார். இந்த மூவரையும் பின்னால் வந்த இலக்கியக்காரர்கள் சும்மா விடவில்லை. இரவல் கதை, மலிவுச் சரக்கு என்று ஒதுக்கினார்கள்.

இரவல் என்பது உண்மைதான். முதலியாரின் பெரும்பாலான கதைகளுக்கு வித்து வெளிநாட்டில்தான் இருந்தது. நடையும் சில இடங்களில் இழுவை. சொந்தக் கற்பனைக்காக அவரைப் புகழ்வது சரியாகாது. ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு வாசகர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வானத்திலிருந்தா குதித்தார்கள்? கொலைகாரன் யார் என்று அறியும் ஆசையில், எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகிய கூட்டத்திலிருந்தல்லவா வந்தார்கள்!

1925-ம் ஆண்டு குப்புசாமி முதலியார் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டுதான் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி, ரோஜர் அக்ராய்டு கொலையைப் பற்றிய நாவலை எழுதி உலகப் புகழ் அடைந்தார். 1931-ல் தமிழ் பேசும் படம் பிறந்தது. 1935-ல் "மேனகா"வும் "ராஜாம்பா"ளும் திரைக்கு வந்தன. 1950-ல் வெளிவந்த "திகம்பர சாமியார்" படத்தில் எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிந்தார்.